ஆர்.இ.எம். நாடு சுற்றக் கிளம்பிய கதை

உள்ளூர் விருந்துகளிலும் சிறு கிளப்புகளிலும் வாசிக்கும் ஒரு ராக் குழு நாடு முழுவதும் கச்சேரி செய்யும் நிலைக்கு எப்படி உயர்கிறது, அதற்கு ஒரு பாட்டு வானொலியில் பிரபலமானால் போதுமா, அல்லது பெரிய கம்பெனி ஏதாவது கைதூக்கிவிட வேண்டுமா என்பது கேள்வி. பொதுப்படையாகச் சொல்வதைவிட ஒரு குழுவின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். நான் நீண்ட காலமாகக் கேட்டும் படித்தும் வரும் அமெரிக்கக் குழுவான ஆர்.இ.எம்.-ஐ அதற்கு எடுத்துக்கொள்கிறேன். 1980-இல் தொடங்கிய அந்தக் குழுவுக்கு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்த முதல் பாட்டு 1987-இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் அவர்கள் நாட்டைப் பலமுறை சுற்றி முடித்திருந்தார்கள். ஆகவே, இவர்கள் விஷயத்தில் வெற்றிப் பாட்டு பயணத்துக்குக் காரணமாக அமையவில்லை. பயணம்தான் அந்தப் பாட்டைக் கேட்க ஆயத்தமாயிருந்த ஒரு கூட்டத்தை ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்தது.

தொடக்கம் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரம். அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ நூற்றுப் பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தச் சிறு நகரத்தின் உயிர் ஜார்ஜியா பல்கலைக்கழகம்தான். அங்கே வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் பீட்டர் பக். அந்தக் கடைக்கு அடிக்கடி வந்து, பக் தனக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டுகளையே தேடித்தேடி வாங்கிய ஓவிய மாணவர் மைக்கேல் ஸ்டைப். ரசனை ஒத்துப்போனதால் இருவரும் நண்பர்களானார்கள். பேஸ் கிட்டார் வாசித்த மைக் மில்ஸும் டிரம்ஸ் வாசித்த பில் பெரியும் அதே மாநிலத்தின் மேக்கன் நகரில் பள்ளிக் காலத்திலேயே சேர்ந்து வாசித்தவர்கள். படிப்பதற்காக ஏதென்ஸுக்கு வந்திருந்தார்கள். நால்வரில் இந்த இருவருக்குத்தான் முறையான வாசிப்புப் பழக்கம் இருந்தது. பக் அப்போதுதான் கிட்டாரைக் கற்றுக்கொண்டிருந்தார். ஸ்டைப் மேடையில் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஓகோனி தெருவில் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய எபிஸ்கோபல் தேவாலயம் இருந்தது. உள்ளே பலகைகளை அடித்து அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கும் ஸ்டைப்பும் குடியிருந்தது அங்கேதான். தடுத்த பகுதிக்குப் பின்னால் தேவாலயத்தின் கூடம் வெறுமையாகக் கிடந்தது. குழு பயிற்சி செய்ததும் அங்கேதான். 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்துக்காக அந்தக் கூடத்தில் நால்வரும் முதன்முதலாக வாசித்தார்கள். கூட்டம் சில நூறு பேர். பாதிக்கு மேல் அறுபதுகளின் பழைய பாட்டுகள், மீதி அவசரமாக எழுதிய சொந்தப் பாட்டுகள். அன்று குழுவுக்கு நிலையான பெயர்கூடக் கிடையாது. அகராதியைப் புரட்டிக் கண்ணில் பட்ட எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டது அதன் பிறகுதான்.

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் தயாராக இல்லாவிட்டால் அந்த விருந்து விருந்தாகவே முடிந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1977 பிப்ரவரியில், இதே ஏதென்ஸில் இதே போன்ற ஒரு வீட்டு விருந்தில்தான் பி-52'ஸ் குழு முதன்முறையாக வாசித்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் நியூயார்க் கிளப்புகளில் மேடையேறி, பிறகு அந்தப் பக்கமே குடியேறியும் விட்டது. அடுத்து வந்த பைலான் குழு ஓவியக் கல்லூரி மாணவர்களால் ஆனது. அதன் டிரம்மர் தொடக்கிவைத்த 40 வாட் கிளப்புக்குப் பெயர் வந்த காரணம், பயிற்சி செய்த மாடியறையில் தொங்கிய ஒற்றை நாற்பது வாட் பல்பு. ஆக, ஆர்.இ.எம். வந்தபோது ஏதென்ஸில் புதுக் குழுவைக் கேட்கக் கூடுகிற இளைஞர்கள் இருந்தார்கள், வாசிக்க இடம் கொடுப்பவர்கள் இருந்தார்கள், இந்த ஊரிலிருந்தும் வெளியே போகலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. டைரோன்ஸ் என்ற உள்ளூர்க் கிளப்பில் சில வாரங்களுக்குள் வேறொரு குழுவுக்கு முன்னால் வாசித்தவர்கள், சில மாதங்களில் அதே மேடையைத் தங்கள் பெயரில் நிரப்பினார்கள்.

உள்ளூரில் நிரப்புவதற்கும் வெளியூரில் நிரப்புவதற்கும் இடையே இருக்கும் இடைவெளியில்தான் பெரும்பாலான குழுக்கள் நின்றுவிடுகின்றன. உள்ளூரில் வருபவர்களில் பாதிப்பேர் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். அடுத்த மாநிலத்தில் யாரும் இல்லை. 1980 ஜூலையில் வடக்குக் கரோலினாவின் சேப்பல் ஹில் பகுதியில் ஆர்.இ.எம். முதல் வெளிமாநிலக் கச்சேரியைச் செய்தது. அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் ஹோல்ட் அதைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் வேலையையும் ஊரையும் விட்டுவிட்டு ஏதென்ஸுக்கே குடிவந்து குழுவுக்கு மேலாளரானார். மேலாளர் என்றால் அறையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுகிறவர் என்று எண்ண வேண்டாம். அவர்தான் வேனை ஓட்டினார்.

அந்த நீல நிறப் பழைய வேன்தான் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு அவர்களுடைய வீடு. ஒலிபெருக்கிகளும் டிரம்ஸ் பெட்டிகளும் ஏற்றிய பிறகு மிஞ்சிய இடத்தில் ஐந்து பேர் ஒடுங்கிக்கொண்டு இரவு முழுவதும் பயணம் செய்தார்கள். உணவுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர். இந்தக் கணக்கு சிறியதாகத் தெரிந்தாலும் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு சிறு கிளப்பில் புதுக் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாசலில் வசூலாகும் நுழைவுப் பணத்தில் ஒரு பங்குதான். முப்பது பேர் வந்தால் பெட்ரோலுக்குக் காணும், நூறு பேர் வந்தால் கொஞ்சம் மிஞ்சும். விடுதி அறை எடுத்தால் அந்த மிச்சம் போய்விடும். ஆகவே அந்த ஊரில் யாராவது ரசிகர் வீட்டுத் தரையில் படுத்துக்கொள்வது வழக்கம். இவ்வளவு குறைந்த செலவில் வாழப் பழகிய குழுவுக்கு நட்டம் வருவது அரிது. நட்டம் வராத குழுவுக்கு மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பி வருவது சாத்தியம். திரும்பி வருவதுதான் முக்கியம். முதல் முறை வந்த முப்பது பேரும் இரண்டாம் முறை ஆளுக்கொரு நண்பரை அழைத்து வருவார்கள்.

நாஷ்வில், கிரீன்ஸ்பரோ, ராலே என்று தென்கிழக்கின் நகரங்களை அவர்கள் இப்படியே சுற்றினார்கள். ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகமோ கல்லூரிகளோ இருந்தன; ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடும் தொலைவு. வாஷிங்டன், நியூயார்க் போன்ற பெருநகரங்கள் பிறகு சேர்ந்துகொண்டன. ஒரு வட்டம் பழகியதும் அதையே சற்று அகலமாக்குவது என்கிற இந்த முறையை அவர்கள் திட்டமிட்டுத் தொடங்கியதாக நான் நினைக்கவில்லை. கையிலிருந்த பணத்துக்கு வேன் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம்தான் வட்டம்.

இனி பதிவுகளுக்கு வருகிறேன். 1981 ஏப்ரலில் வடக்குக் கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் மிட்ச் ஈஸ்டர் தம் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்திருந்த டிரைவ்-இன் ஸ்டூடியோவில் அவர்கள் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றிலிருந்து ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ என்ற சிங்கிளை (ஒரு பாட்டை முன்னிறுத்தும் சிறு தட்டு) ஹிப்-டோன் என்ற சின்னஞ்சிறு அட்லாண்டா நிறுவனம் ஜூலையில் வெளியிட்டது. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். அவற்றில் அறுநூறு விற்பனைக்கல்ல, வானொலிகளுக்கும் விமர்சகர்களுக்கும் இலவசமாக அனுப்புவதற்கு. தட்டின்மேல் நிறுவனத்தின் முகவரியை அச்சிடவே மறந்துபோயிருந்தார்கள். அப்படியும் விற்றுத் தீர்ந்து மேலும் ஆறாயிரம் பிரதிகள் போட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் சிறந்த பத்து சிங்கிள்களில் ஒன்றாக நியூயார்க் டைம்ஸ் அதைக் குறிப்பிட்டது.

ஆறாயிரம் என்பது வணிகக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தத் தட்டுகள் போய்ச் சேர்ந்த இடங்கள் முக்கியமானவை. அமெரிக்காவில் எஃப்.எம். அலைவரிசையின் இடக்கோடியில், 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வணிக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கல்லூரி வானொலிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. வணிக வானொலிகள் ஆய்வு செய்து தேர்ந்தெடுத்த பட்டியலைத் தாண்டி ஒரு பாட்டைக்கூடப் போடாத காலம் அது. கல்லூரி வானொலியிலோ நள்ளிரவில் ஒலிபரப்பு அறையில் உட்காரும் மாணவர் சம்பளமில்லாமல், தம் விருப்பப்படி, பிடித்த தட்டைச் சுழலவிடுவார். அது எத்தனை முறை என்பதும் அவர் இஷ்டம். அவரே பல ஊர்களில் கல்லூரிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் குழுவிலும் இருப்பார், அல்லது பகலில் இசைத்தட்டுக் கடையில் நிற்பார். 1978-இல் தொடங்கிய சி.எம்.ஜே. என்ற இதழ் இந்த வானொலிகள் எதை ஒலிபரப்புகின்றன என்ற பட்டியலைத் தொகுத்து வெளியிட்டது. அதன்பின் ஓர் ஊர் மாணவருக்குப் பிடித்தது இன்னோர் ஊர் மாணவருக்குத் தெரியவந்தது. ஆர்.இ.எம். ஓர் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அதன் பாட்டு அங்கே நுழைந்திருக்கும் என்ற நிலை இப்படித்தான் உருவாயிற்று.

இதற்கு இணையாக இன்னொரு கதையும் உண்டு. அதை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது. மேக்கன் நகரில் தென்னக ராக் குழுக்களுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்த பாரகன் என்ற நிறுவனத்தில் பில் பெரி இளம் வயதில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே ஏஜென்டாக இருந்தவர் இயன் கோப்லண்ட். இங்கிலாந்தின் புதிய இசையை பெரிக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அவருடைய தம்பி ஸ்டூவர்ட், தி போலீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மர். அண்ணன் மைல்ஸ் அந்தக் குழுவின் மேலாளர், ஐ.ஆர்.எஸ். என்ற இசை நிறுவனத்தின் நிறுவனர். 1978-இல் அமெரிக்காவில் அவ்வளவாகப் பெயர் தெரியாத போலீஸ் குழுவை ஒரு வேனில் ஏற்றிச் சிறு கிளப்புகளில் வாசிக்க வைத்தது இந்தச் சகோதரர்கள்தான். பெரிய கம்பெனியின் பணத்துக்குக் காத்திராமல் குறைந்த செலவில் கிளப் கிளப்பாகப் போகலாம் என்பதை அமெரிக்கக் கச்சேரித் தொழிலுக்கு அது காட்டியது. பிறகு இயன் நியூயார்க்கில் எஃப்.பி.ஐ. என்ற சுருக்கப் பெயரில் சொந்த ஏஜென்சி தொடங்கினார்.

பழைய நட்பின் பேரில், 1980 டிசம்பரில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் போலீஸ் குழுவுக்கு முன்னால் வாசிக்க ஆர்.இ.எம்.முக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. குழு தொடங்கி எட்டே மாதங்கள் ஆகியிருந்தன. நாலாயிரத்து அறுநூறு இருக்கைகள் கொண்ட அரங்கம். கூரையில் இரவு வானமும் மின்னும் நட்சத்திரங்களும் அமைத்த பழைய மாளிகை போன்ற கட்டடம். 1982 மே மாதம் அவர்கள் மைல்ஸின் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தில் கையெழுத்திட்டார்கள். ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் கூடுதல் முன்பணம் தரத் தயாராக இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிமுகம் உதவியது என்பது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அறிமுகத்தால் கிடைப்பது ஓர் இரவு மேடை மட்டுமே. ஃபாக்ஸ் தியேட்டருக்குப் பிறகும் அவர்கள் ஒன்றரை ஆண்டு அந்த நீல வேனில்தான் அலைந்தார்கள்.

முதல் முழு ஆல்பத்துக்கு நிறுவனம் முதலில் வேறொரு தயாரிப்பாளரை வைத்துப் பரிசோதித்தது. அவர் ஒரே பாட்டைத் திரும்பத்திரும்ப வாசிக்கச் சொல்லி, மின்னணு ஒலிகளையும் மேலே சேர்த்தார். குழு அதை ஏற்காமல், மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்ஸனும் தயாரிப்பாளர்களாக வேண்டுமென்று கேட்டு வாங்கியது. சார்லட் நகரில் பதிவான ‘மர்மர்’ 1983 ஏப்ரலில் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ இருந்தது. ஆண்டு முடிவுக்குள் விற்றது ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள். பில்போர்டு இதழ் வெளியிடும் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசைப் பட்டியலில் எட்டிய உயரம் 36. வணிக வானொலியின் துணை அதிகமில்லாமல் ஒரு புதுக் குழு இந்த இடத்துக்கு வந்தது, வேன் போய்ச் சேர்ந்த ஊர்களால்தான் என்பது என் கருத்து.

அந்த ஆண்டுதான் அவர்களுடைய உண்மையான சோதனையும் வந்தது. 1983 ஆகஸ்டில் போலீஸ் குழுவின் பெரும் மைதானக் கச்சேரிகளில் அந்தக் குழுவுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் மட்டும் சுமார் எழுபதாயிரம் பேர். எந்தக் குழுவும் கனவு காணும் இடம் என்றே தோன்றும். ஆனால் பகல் வெளிச்சத்தில், இருக்கை தேடி அலையும், வேறொருவருக்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் வாசிப்பதில் அவர்களுக்கு மிஞ்சியது கசப்புதான். இருநூறு பேர் கிளப்பில் பக்கின் கிட்டார் ஒவ்வொரு தந்தியாகப் பிரிந்து ஒலிப்பதும், ஸ்டைப்பின் சொற்கள் பாதி புரியாமலே மனத்தில் தங்குவதும், மில்ஸின் குரல் பின்னாலிருந்து இன்னொரு மெட்டைப் பின்னுவதும் அருகில் நின்று கேட்க வேண்டியவை. மைதானத்தில் அவை காற்றில் போய்விடும். அதற்குப் பிறகு அவர்கள் பெரிய பெயர்களின் நிழலில் வாசிக்கும் வாய்ப்புகளைத் தவிர்த்து, தாங்களே முதன்மையாக நிற்கக்கூடிய அளவிலான அரங்குகளையே நாடினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். குறுக்கு வழி கையில் கிடைத்தும் விட்டுவிட்டு, பொறுமையாகப் படி ஏறுவதைத் தேர்ந்தெடுத்த குழுக்கள் அதிகமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சியில் முதன்முறையாகத் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். வாசித்த இரண்டாவது பாட்டுக்கு அப்போது தலைப்பே வைக்கவில்லை. லெட்டர்மேன் பேச வந்தபோது பக்கும் மில்ஸும்தான் பதில் சொன்னார்கள். பாடகர் பின்னால் டிரம்ஸ் மேடையருகே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூச்சம் நடிப்பல்ல என்பது பார்த்தாலே தெரியும்.

அதன் பின்னான வளர்ச்சியை எண்களே சொல்லும். 1984-இன் ஆல்பம் 27-ஆம் இடம், 1985-இல் வந்தது 28, 1986-இல் 21, 1987-இன் ‘டாக்குமெண்ட்’ 10. எங்கும் தாவல் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆல்பம், ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஒரு நீண்ட பயணம், ஒவ்வொரு பயணத்திலும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிய அரங்குகள். கிளப்பிலிருந்து கல்லூரி அரங்கம், அங்கிருந்து இரண்டாயிரம் மூவாயிரம் இருக்கைத் தியேட்டர், பிறகுதான் பத்தாயிரம் பேர் கூடும் உள்ளரங்கங்கள். இந்த வேகமே அவர்களைச் சோர்வடையவும் செய்தது. 1985 ஆல்பத்தை லண்டனில், வீட்டிலிருந்து வெகுதொலைவில், குளிரிலும் மழையிலும் பதிவு செய்தபோது குழு கலைந்துவிடும் நிலைக்கே போயிற்று. கலையாமல் காத்ததில் அவர்களுடைய உள் ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. யார் எழுதினாலும் பாட்டுகள் நால்வர் பெயரிலும் பதிவாயின, வருமானம் சமமாகப் பிரிந்தது, எந்த முடிவையும் ஒருவர் வேண்டாமென்றால் மற்ற மூவரும் விட்டுவிட வேண்டும். பயணத்தில் குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தாலும் பெயராலும்தான். பாடலாசிரியருக்கு மட்டும் ராயல்டி போய்ச் சேரும்போது, அதே வேனில் அதே தூரம் வந்த டிரம்மருக்கு மனக்குறை வருவது இயல்பு. அந்தக் குறைக்கு இங்கே முதலிலிருந்தே இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.

1986-இல் தயாரிப்பாளர் டான் கேமன் ஸ்டைப்பைத் தெளிவாக உச்சரித்துப் பாடத் தூண்டினார். அந்த ஆல்பம்தான் அவர்களுடைய முதல் தங்கத் தட்டு, அதாவது அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளைத் தொட்டதற்கான அங்கீகாரம். மறு ஆண்டு ‘தி ஒன் ஐ லவ்’ ஒன்பதாம் இடம் வரை ஏறியது. டிசம்பரில் ரோலிங் ஸ்டோன் அட்டையில் அமெரிக்காவின் மிகச் சிறந்த ராக் குழு என்ற வாசகத்தோடு அவர்கள் படம் வந்தது. 1988-இல் வார்னர் நிறுவனத்தோடு ஒப்பந்தம்; அந்த ஆண்டு வெளியான ‘கிரீன்’ ஆல்பத்துக்காக 1989 முழுவதும் உலகைச் சுற்றி உள்ளரங்கங்களில் வாசித்தார்கள். அப்போதும் அவர்களுடைய அலுவலகமும் வீடுகளும் ஏதென்ஸிலேயே இருந்தன.

அந்த நீண்ட பயணத்தின் கடைசிக் கச்சேரியை அவர்கள் எந்த மைதானத்திலும் வைக்கவில்லை. 1989 நவம்பர் 13 அன்று அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு குழுவுக்கு முன்னால் யாரும் அறியாமல் வாசித்த அதே மேடையில், கூரையில் அதே நட்சத்திரங்கள் மின்ன, முதல் ஆல்பமான ‘மர்மர்’ முழுவதையும், பிறகு ‘கிரீன்’ முழுவதையும் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு ஓகோனி தெருத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். அதன் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அது இன்னும் அங்கே நிற்கிறது.